சுவாவில் குடியேறப் போகிறவர்களுக்கு: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

சுவாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எந்த மாதம் போகிறீர்கள்?" என்றுதான். ஏப்ரல் என்றால் கவலையில்லை. அக்டோபர் என்றாலும் சமாளிக்கலாம். ஜனவரி என்றால், வீட்டுச் சாவியை வாங்கும்போதே தண்ணீர்க் குழாயை எப்படி வடியவிடுவது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மொழி, சாப்பாடு, சம்பளம் எல்லாம் அப்புறம். ஏரியில் கிடக்கிற தண்ணீர், பூமிக்கு அடியிலிருந்து சூடாக வருகிற தண்ணீர், குழாய்க்குள்ளேயே உறைந்து போகிற தண்ணீர் என்று இந்த ஊரில் எதைத் தொட்டாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும்.

ஊர் ஜப்பானின் நடுவே, நகானோ மாகாணத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் 759 மீட்டர் உயரத்தில் சுவா ஏரி. கரையைச் சுற்றி வந்தால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஆனால் ஆழம், அதிகபட்சமாக 7 மீட்டர்தான். தாம்பாளம் மாதிரியான ஏரி. சுவா நகரில் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். ஏரிக்கரை இவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஒகாயா நகரமும் ஷிமோசுவா என்ற சிறு பட்டணமும் பங்காளிகள்.

நம்மூர்க்காரர்கள் இங்கே வருவதென்றால் பெரும்பாலும் தொழிற்சாலை வேலைக்குத்தான். ஒரு காலத்தில் பட்டு நூற்ற பகுதி இது. பட்டு சரிந்தபின் கைக்கடிகாரம் வந்தது. 1942இல் இங்கே தொடங்கிய சிறு கடிகாரப் பட்டறையின் வழியில் வந்ததுதான் இன்றைய செய்கோ எப்சன். அதன் தலைமையகம் இன்றும் சுவாவில்தான். 1969 டிசம்பரில் விற்பனைக்கு வந்த உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் இந்த ஊரில் உருவானது. அதனால் பெரிய கம்பெனியில் வேலை கிடைக்காவிட்டாலும், சின்னச் சின்னப் பாகங்கள் கடையும் பட்டறைகள் இந்தப் பள்ளத்தாக்கு நெடுகிலும் உண்டு.

1. வந்து இறங்குவது

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் 'அஸுசா' என்ற விரைவு ரயிலைப் பிடியுங்கள். சுமார் இரண்டேகால் மணி நேரம். 2019 முதல் இதில் முன்பதிவில்லாப் பெட்டி என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு இருக்கைக்கு மேலேயும் ஒரு சின்ன விளக்கு எரியும். பச்சை என்றால் அந்த இடம் விற்றாகிவிட்டது. மஞ்சள் என்றால் ஆள் சீக்கிரம் ஏறப்போகிறார். சிவப்பு என்றால் காலி! நமக்குச் சிவப்பைப் பார்த்தால் ஒதுங்கத் தோன்றும், பச்சையைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். முதல் பயணத்தில் நான் மூன்று முறை எழுப்பப்பட்டேன். மூன்று பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கோஃபு தாண்டியதும் ஜப்பானின் தெற்கு ஆல்ப்ஸ் மலைகள் தெரியும், வானம் தெளிந்திருந்தால் ஃபுஜியும் எட்டிப் பார்க்கும். கொபுசிஸாவா பக்கம் வரும்போது வலப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், அங்கேதான் யாட்சுகதாகே மலைத்தொடர்.

இறங்க வேண்டிய இடத்தின் பெயர் கமிசுவா. 'சுவா' என்று மட்டும் பெயர் போட்ட நிலையம் இந்த ஊரில் கிடையாது. கமி என்றால் மேல், ஷிமோ என்றால் கீழ். அடுத்த நிலையமான ஷிமோசுவா வேறு பட்டணம், வேறு அலுவலகம். 'சுவா என்று வருகிறதே' என்று அங்கே நான்கு பெட்டிகளோடு இறங்கி நின்ற நண்பரை நானே போய் அழைத்து வந்திருக்கிறேன்.

கமிசுவா நிலையத்தின் முதல் நடைமேடையிலேயே காலை நனைத்துக்கொண்டு உட்கார ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் துண்டு இல்லாமல் வெளியே போவது குடை இல்லாமல் போவது மாதிரி.

2. வீடு பார்ப்பது

வீட்டுத் தரகர் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் தகாஷிமா கோட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுற்றுலாவுக்காகச் சொல்லவில்லை. 1598இல் கட்டி முடித்தபோது இதைச் சுற்றி ஏரித் தண்ணீர் நின்றது. 'சுவாவின் மிதக்கும் கோட்டை' என்றே பெயர். 1875இல் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1970இல் திரும்பக் கட்டியது. அதன் மேல்மாடியிலிருந்து பார்த்தால் ஏரி எங்கேயோ தள்ளி இருக்கும். நடுவில் தெருக்கள், கடைகள், வீடுகள். அத்தனையும் ஒரு காலத்தில் ஏரியும் சேறுமாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து எடுத்த நிலம்.

இது தெரிந்தால் வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும். நகராட்சி வெளியிடும் ஆபத்து வரைபடத்தில் அந்தத் தெரு என்ன நிறத்தில் இருக்கிறது? 2006 ஜூலை பெருமழையில் ஏரி நிரம்பிக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அதே மழையில் ஒகாயாவில் மண் சரிந்து உயிர்கள் போயின. ஆக, ஏரியோரம் என்றால் வெள்ளம், மலையடி என்றால் மண்சரிவு. ஏரிக்கு வருகிற ஆறுகளும் ஓடைகளும் முப்பதுக்கு மேல், வெளியேறுவது தென்ரியூ என்ற ஒரே ஆறு. ஒகாயாவில் இருக்கும் மதகுதான் அதற்கு வாசல். இந்த ஒரு கணக்கு போதும், மழைக்காலத்தில் ஏன் எல்லாரும் ஏரி மட்டத்தையே பேசுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

என் யோசனை: நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், தட்டையான இடத்தில், மாடியில் ஒரு வீடு. சரிவான மேட்டுத் தெரு வீடுகளில் காட்சி அள்ளும், வாடகையும் குறையலாம். ஆனால் பிப்ரவரி மாதம் அந்தச் சரிவில் உறைந்த பனிமேல் கையில் அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்த பிறகு காட்சியைப் பற்றிப் பேசுவோம்.

தரகரிடம் விடாமல் கேட்க வேண்டியவை: சமையல் வாயு குழாயில் வருகிறதா, புரோபேன் சிலிண்டரா (சிலிண்டர் என்றால் குளிர்காலக் கட்டணம் கண்ணைக் கட்டும்). அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க அனுமதி உண்டா? வாகனம் நிறுத்த இடம் வாடகையில் சேர்ந்ததா? குழாய் வடிக்கும் பிடி எங்கே? கடைசியாக, 'ஒன்சென்' இணைப்பு உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் நீங்கள் விவரமானவர் என்று தரகருக்குப் புரிந்துவிடும். சுவாவில் நகராட்சியின் நீர்த்துறையே வெந்நீர் ஊற்று நீரைக் குழாய் வழியாக வினியோகிக்கிறது. இணைப்புள்ள வீட்டில் குளியல் தொட்டிக் குழாயைத் திருகினால் ஊற்று நீரே வரும். தனி மாதக் கட்டணம் உண்டு.

முன்பணம், திருப்பித் தராத 'நன்றிப் பணம்', தரகுக் கூலி, ஜாமீன் நிறுவனக் கட்டணம் என்று முதல் மாதம் பல மாத வாடகை ஒன்றாகப் போகும். கம்பெனி வீடு பிடித்துக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

3. முதல் பதினான்கு நாட்கள்

வீட்டுக்குள் குடிவந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அலுவலகம் அதே தகாஷிமா கோட்டைக்குப் பக்கத்தில்தான். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். குடும்பத்தில் எல்லாருடைய வசிப்பு அட்டையும் கடவுச்சீட்டும் எடுத்துப் போங்கள். மனைவி, பிள்ளைகள் என்று காட்டத் திருமண, பிறப்புச் சான்றிதழ்களும் அவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் இருந்தால் இரண்டாம் முறை அலைய வேண்டாம்.

அட்டையின் பின்புறம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அது வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் நகரும். கம்பெனி வழியாக மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் அதே நாளில் தேசியக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடலாம். 'மை நம்பர்' என்கிற பன்னிரண்டு இலக்க எண் பிறகு தபாலில் வரும். வாசலில் தபால் பெட்டிமேல் உங்கள் பெயரை ஒட்டி வையுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் போடாமல் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடலாம்.

எழுந்து வருவதற்கு முன் இரண்டு தாள் கேட்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் தெருவுக்கான குப்பை நாட்காட்டி, இன்னொன்று பேரிடர் ஒதுங்கிடங்களின் வரைபடம். இந்தப் பள்ளத்தாக்கே நிலப்பிளவு ஒன்று விலகியதால் உண்டானது, ஏரி அந்தப் பள்ளத்தில் தேங்கியது. நிலநடுக்கப் பை ஒன்று வாசலருகே இருக்கட்டும்.

குப்பை விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன்: முதல் வாரம் எதையும் வெளியே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் என்ன பையில், என்ன கிழமை, எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதையே செய்யுங்கள்.

4. குளிர்காலம்

நான் தோற்றுப் போன இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவாவில் பனி குவிவது குறைவு. நகானோ என்றதும் ஆள் உயரப் பனி என்று நினைக்கிறோம், அது மாகாணத்தின் வடக்குப் பக்கம். இங்கே வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கும். பசிபிக் பக்கத்துக் காற்றழுத்தத் தாழ்வு கரையை ஒட்டிப் போகும்போது மட்டும் எதிர்பாராத பெரும் பனி விழும். 2014 பிப்ரவரியில் அப்படித்தான் விழுந்து, அஸுசா ஓடும் சூவோ பாதையில் ரயில்கள் நடுவழியில் நின்றுபோயின. மற்றபடி இங்கே எதிரி பனியல்ல, உறைவு.

வந்த முதல் டிசம்பரில் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மின் பிளக் எப்போதும் செருகியே கிடந்தது. கம்பி சுவருக்குள் போய்விடுகிறது, எந்தப் பொருளோடும் சேரவில்லை. வீணாக மின்சாரம் போகிறதே என்று பிடுங்கிவிட்டேன். நம்ம வளர்ப்பு அப்படி, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலே அம்மா திட்டுவாள். மூன்றாம் நாள் காலை குழாயைத் திருகினால் சத்தமே இல்லை. சொட்டுகூட வரவில்லை.

அந்தக் கம்பி, தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருந்த சூடேற்றும் நாடா. குளிர் இறங்கினால் தானே சூடாகி, குழாய் உறையாமல் காக்கும். அதைத்தான் நான் சிக்கனம் என்று பிடுங்கியிருக்கிறேன்.

கொதிக்கும் நீரை ஊற்றப் போனவனைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தம் போட்டு நிறுத்தினார். குழாய் வெடித்துவிடுமாம். பழைய துண்டு ஒன்றைக் குழாயில் சுற்றச் சொல்லி, அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அந்தத் தண்ணீரும் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். நாற்பது நிமிடம் கழித்து உள்ளே ஏதோ இருமுவதுபோல ஒரு சத்தம், அப்புறம் பழுப்பு நீர், அப்புறம் நல்ல நீர். பாட்டி பிளக்கைத் தானே செருகி, அதன்மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதிய ஒரு துண்டுத் தாளையும் ஒட்டிவிட்டுப் போனார். 'பிடுங்காதே' என்று எழுதியிருந்ததை அலுவலகத்தில் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆக, செய்ய வேண்டியவை. நவம்பர் முடிவதற்குள் அந்த நாடாவின் பிளக் எல்லாம் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியூர் போகும்போதும், பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரிக்கு மேல் இறங்கும் என்று அறிவிப்பு வரும் இரவிலும் 'மிஸு நுகி' செய்யுங்கள். தண்ணீரை வடித்துவிடுவது என்று அர்த்தம். சமையலறை அல்லது குளியலறைத் தரையோரம் ஒரு திருகுபிடி இருக்கும், புது வீடுகளில் சுவரில் ஒரு பொத்தான். அதை 'வடி' பக்கம் திருப்பிவிட்டு, வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் நீர் கீழே இறங்கும். கழிவறைத் தொட்டியையும் ஒருமுறை காலி செய்யுங்கள். காலையில் முதலில் குழாய்களை மூடிவிட்டு அப்புறம் பிடியைத் திருப்புங்கள். மாற்றிச் செய்தால் காலங்காத்தாலே தரை துடைக்க வேண்டியிருக்கும்.

சூட்டுக்கு இங்கே மண்ணெண்ணெய்தான் ராஜா. பெட்ரோல் நிலையத்தில் 18 லிட்டர் சிவப்பு கேனில் பிடித்து வர வேண்டும். காற்று வீசும் மண்ணெண்ணெய் அடுப்பு மூன்று மணி நேரத்தில் தானே அணைந்துவிடும், பழுது என்று நினைக்காதீர்கள், பாதுகாப்புக்காக அப்படி. மணிக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள், குளிருகிறது என்று சும்மா இருக்க வேண்டாம். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு புகையில்லாத நஞ்சு. தூங்கும்போது அணைத்துவிடுங்கள். மின்போர்வை ஒன்று வாங்கிவிட்டால் இரவு முடிந்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரைத் துடைக்காவிட்டால் மார்ச்சில் சுவரெல்லாம் பூஞ்சை.

5. வெந்நீர்

குளிரைத் தாங்க வைப்பது இந்த ஊரின் குளியல். முதல்முறை போகக் கூச்சம் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் நடுவே துணியில்லாமல் குளிப்பதா என்று நானும் ஆறு மாதம் தள்ளிப் போட்டேன். ஆறு மாதம் வீண்.

தொடங்க ஏற்ற இடம் ஏரிக்கரையில் இருக்கும் கதகுரா கான். பட்டு முதலாளிகளான கதகுரா குடும்பத்தார் உள்ளூர் மக்களுக்காக 1928இல் கட்டிய குளியல் மாளிகை. மேலை நாடுகளைச் சுற்றி வந்தபின் எழுப்பியது, அதனால் வெளியே பார்த்தால் ஐரோப்பியக் கட்டடம். 'ஆயிரம் பேர் குளியல்' என்று பெயர். ஆயிரம் பேர் கொள்ளாது. ஆனால் 1.1 மீட்டர் ஆழம், நின்றுகொண்டே குளிக்கலாம். அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள். உள்ளங்காலில் அந்தக் கற்கள் உருளும்போது நாள் முழுக்க இயந்திரத்தின்முன் நின்ற வலி இறங்கும்.

முறை இதுதான். செருப்பை வாசலில் விடுங்கள். துணியெல்லாம் கூடையில். சின்னத் துண்டு மட்டும் கையில். உள்ளே போனதும் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை ஒட்டாமல் கழுவுங்கள். அதற்குப் பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளலாம். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது உடம்பைத் துடைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்கு வாருங்கள், ஈரக் காலோடு போனால் முகம் சுளிப்பார்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை, முன்னரே கேட்டுவிடுங்கள்.

தெருக்களுக்குள் பெயர்ப்பலகை சரியாக இல்லாத சின்னக் குளியல் கூடங்கள் கண்ணில் படும். அவை அந்தந்தத் தெருக்காரர்களுக்கே உரியவை. கதவு திறந்திருக்கிறதே என்று நுழையாதீர்கள். தெருச் சங்கத்தில் சேர்ந்து நல்ல பெயர் எடுத்தால் ஒருநாள் உங்களுக்கும் சாவி வரலாம்.

6. அடுப்பங்கரை

பருப்பு, தேங்காய்ப்பால், மசாலா எல்லாம் மொத்தவிலைக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். சைவர்கள் வெளியே சாப்பிடும்போது கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பகுதியின் சோபா நூடுல்ஸ் பேர்போனது, ஆனால் அதன் சாற்றில் உலர்ந்த மீன் இறங்கியிருக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஏரியின் வகாசகி உண்டு. விரல் நீளப் பொடிமீன், மாவில் தோய்த்துப் பொரித்தால் நம் நெத்திலி வறுவலுக்கு அக்கா தங்கை.

சைவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பக்கத்து ஊரான சினோ, 'கன்தென்' செய்வதற்குப் பெயர் பெற்ற இடம். நம்மூரில் நோன்பு நாட்களில் செய்யும் கடல்பாசி இனிப்பு நினைவிருக்கிறதா, அதே பொருள்தான். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி மலைநடுவே ஏன் கடல்பாசி என்றால், குளிர்தான் காரணம். காய்ச்சி உறையவைத்த கட்டிகளைக் குளிர்காலத்தில் வயலில் பரப்பிவிடுவார்கள். இரவில் உறையும், பகல் வெயிலில் உருகி வடியும், இப்படியே உலர்ந்து பஞ்சுபோல எடை இழந்துவிடும். கட்டியை வாங்கி ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியவில்லை.

குடிப்பவர்களுக்கு: பழைய கோஷூ நெடுஞ்சாலையில் சில நூறு மீட்டருக்குள் ஐந்து சாக்கே (அரிசி மது) வடிப்பகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் மசுமி 1662இல் தொடங்கியது. 1946இல் அங்கே கண்டெடுத்த ஏழாம் எண் ஈஸ்ட்டைத்தான் ஜப்பானெங்கும் வடிப்பகங்கள் பயன்படுத்துகின்றன.

7. வண்டி

ஊருக்குள் 'கரின்சான்' என்ற சிறு பேருந்து சுற்றுகிறது. ஏரியைச் சுற்றிய நடைபாதையும் சைக்கிள் பாதையும் முழுதாகவே கிடைக்கின்றன. தனியாள் என்றால் முதல் வருடம் சைக்கிளே போதும். குழந்தைகள் இருந்தால் கார் வேண்டும்.

இந்தியா, இலங்கையில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அதற்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாற்ற வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 90 சதவீதம் சரியாக இருந்தாக வேண்டும். கடைசி மாதம்வரை தள்ளாதீர்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை குளிர்காலச் சக்கரம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவு நிறுத்தும்போது துடைப்பான்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வையுங்கள், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்.

8. தெருவும் திருவிழாவும்

குடிவந்த வாரமே இருபக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஒரு சின்னத் துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொண்டுபோய்த் தலைதாழ்த்திப் பெயரைச் சொல்லுங்கள். குழாய் உறைந்த அன்று பாட்டி ஓடி வந்தது சும்மா இல்லை. தெருச் சங்கத்தில் சேரக் கட்டாயமில்லை. ஆனாலும் சேருங்கள். வீட்டுக்கு வீடு சுற்றும் அறிவிப்புப் பலகை வந்தால் உங்கள் பெயருக்கு நேரே குறியிட்டு அன்றைக்கே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று ஏரியில் வாணவேடிக்கை. போருக்குப் பிந்தைய சோர்வைப் போக்க 1949இல் தொடங்கியது, இப்போது சுமார் 40,000 வெடிகள். மலைகள் சூழ்ந்திருப்பதால் ஒவ்வொரு வெடியும் திரும்பி வந்து நெஞ்சில் இடிக்கும். அன்று மதியத்துக்குள் காய்கறி, பால் வாங்கி முடித்து வண்டியை வீட்டோடு பூட்டுங்கள். டோக்கியோ நண்பர்கள் "இரவே திரும்பிவிடுவோம்" என்பார்கள், நம்பாதீர்கள், படுக்கை விரித்து வையுங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கோடையில் தினமும் இரவு சிறு வாணவேடிக்கை உண்டு, கால்மணி நேரம்கூட இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுவா பெருங்கோயில் என்று ஒன்றைத் தேடாதீர்கள், அது நான்கு கோயில். மேல்கோயில்கள் இரண்டு ஏரிக்குத் தெற்கே: ஹொன்மியா சுவா நகரில், மயேமியா சினோவில். கீழ்க்கோயில்கள் இரண்டும் ஷிமோசுவாவில். அங்கே சாமி பிப்ரவரி 1 அன்று வசந்தக் கோயிலுக்கும் ஆகஸ்ட் 1 அன்று இலையுதிர்க் கோயிலுக்கும் இடம் மாறுவார்.

இந்த நான்கு கோயிலின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகப் பதினாறு பெருமரங்களை மலையிலிருந்து ஆட்களே கயிறு கட்டி இழுத்து வருவதுதான் ஒன்பஷிரா. பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில் புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும் நடக்கும், அதாவது ஆறு வருடத்துக்கு ஒருமுறை. தேர் வடம் பிடித்தவர்களுக்குச் சட்டென்று புரியும், ஆனால் இந்தத் தேருக்குச் சக்கரம் கிடையாது. செங்குத்துச் சரிவில் மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்தபடியே இறங்குவார்கள். 2022இல் கொரோனாவால் மலையிலிருந்து இறக்கும் பகுதியை மட்டும் வரலாற்றில் முதல்முறையாக லாரியில் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அதைப் பற்றி இன்றும் பேச மாட்டார். அடுத்தது 2028. அந்த வசந்தத்தில் விடுப்பு கேட்டால் உள்ளூர் மேலாளர் காரணம்கூடக் கேட்க மாட்டார், அவரும் வரப்போகிறவர்தான்.

9. ஏரியைப் பார்க்க ஒரு காலை

ஏரி முழுதும் உறைந்து, இரவுக் குளிரில் பனித்தளம் சுருங்கி விரிசல் விட, அந்த விரிசலில் நீர் உறைய, பகலில் தளம் விரிந்து நெருக்க, வெடித்து மேலெழும் பனிமேடு ஒன்று கரையிலிருந்து கரைக்குக் கோடு போட்டதுபோல ஓடும். 'ஒமிவதாரி' என்பார்கள். மேல்கோயிலின் ஆண் தெய்வம் கீழ்க்கோயிலில் இருக்கும் தேவியைப் பார்க்க நடந்து போன தடம் என்பது ஊர்க்கதை. 1443 முதல் ஆண்டுதோறும் குறித்து வைத்திருக்கிறார்கள். ஏரி எந்த நாளில் உறைந்தது என்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லும் இந்தக் குறிப்புகளைத் தட்பவெப்ப ஆய்வாளர்கள் இன்று தேடி வருகிறார்கள். 2018இல் தடம் தெரிந்தது. அதற்குப் பிறகு வரிசையாகப் பல குளிர்காலங்கள் 'திறந்த கடல்' என்று எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பனிமேடு எழவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது.

குறிப்பெழுதும் பொறுப்பு யாட்சுருகி கோயிலுடையது. ஜனவரி ஐந்தாறு தேதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை தினமும் விடிவதற்குச் சற்று முன்னால் பூசாரியும் கோயில் ஊரார்களும் கரையில் கூடுகிறார்கள். யாரும் தள்ளி நின்று பார்க்கலாம். காற்றின் வெப்பநிலை, தண்ணீரின் வெப்பநிலை. மெல்லிய பனித்தகடு இருந்தால் உடைத்தெடுத்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். தகடு இல்லாத நாளிலும் அதே ஒழுங்கு, அதே நோட்டுப் புத்தகம்.

ஆறரைக்குள் போய்விடுங்கள். இரண்டு ஜோடி காலுறை, காதை மூடும் குல்லா. வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்பு. தெர்மாஸில் இஞ்சி டீ கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், பக்கத்தில் நிற்பவரின் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.